எலும்பு இல்லை, இதயம் இல்லை, மூளையும் இல்லை: ஜெல்லி மீன் எப்படித்தான் வாழ்கிறது?

ஜெல்லி மீன் என்று பெயர் வைத்துவிட்டோமே தவிர அது மீனே கிடையாது. மீனுக்கு முள் உண்டு, செவுள் உண்டு, துடுப்பும் வாலும் உண்டு. ஜெல்லி மீனிடம் இதில் ஒன்றுகூட இல்லை. சரி, அதோடு விட்டதா என்றால் அதுவும் இல்லை. அதற்கு எலும்பு கிடையாது, ரத்தம் கிடையாது, இதயம், நுரையீரல் எதுவும் கிடையாது, மூளைகூடக் கிடையாது. அதன் உடம்பை 100 பங்காகப் பிரித்தால் 95 பங்கு வெறும் தண்ணீர்தான் இருக்கும். ஆனாலும் அது நீந்துகிறது, வேட்டையாடிச் சாப்பிடுகிறது, இனம் பெருக்குகிறது, தூங்கவும் செய்கிறது. இந்தப் பூமியில் 50 கோடி வருடங்களுக்கும் மேலாக இப்படியே வாழ்ந்து வருகிறது. டைனோசர்கள் தோன்றியே சுமார் 23 கோடி வருடங்கள்தான் ஆகின்றன, அப்படியென்றால் ஜெல்லி மீன் எவ்வளவு பழைய ஆள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனையும் இல்லாமல் ஓர் உயிர் எப்படி வாழ முடியும்? ஜெல்லி மீன்மேல் எனக்கு இவ்வளவு ஆசை வந்ததே இந்த ஒரு கேள்வியால்தான். உலகத்தில் நூற்றுக்கணக்கான வகை ஜெல்லி மீன்கள் இருக்கின்றன, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பேசினால் குழம்பிவிடும். அதனால் நிலா ஜெல்லி என்கிற ஒன்றை நம் முன்னால் வைத்துக்கொள்வோம். அக்வேரியங்களில் அதிகமாக வளர்ப்பதும் இதைத்தான்.

நிலா ஜெல்லி நன்றாக வளர்ந்தால் ஓர் அடி அகலம் வரும், சிலது அதைவிடக் கொஞ்சம் பெரிதாகவும் இருக்கும். மேலே வட்டமாக விரிந்திருக்கும் பகுதிக்குக் குடை என்று பெயர் வைத்துக்கொள்வோம். குடையின் ஓரம் முழுக்க மெல்லிய இழைகள் வரிசையாகத் தொங்கும். அடியில் நடுவில் வாய், வாயைச் சுற்றி நான்கு நீளமான கைகள். உடம்பு கண்ணாடி மாதிரி இருப்பதால் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரியும். மேலிருந்து பார்த்தால் நடுவில் வெளிர் ஊதா நிறத்தில் நான்கு வளையங்கள் தெரியும். முதல்முறை பார்க்கிறவர்கள் அவற்றைக் கண்கள் என்று நினைத்துவிடுவார்கள். உண்மையில் பெண் ஜெல்லியாக இருந்தால் முட்டைகளும் ஆண் ஜெல்லியாக இருந்தால் விந்தணுக்களும் உருவாகிற இடம் அது.

முதலில் நீச்சல். குடையின் விளிம்பில் வளையமாக ஒரு தசை இருக்கிறது. அந்தத் தசை இறுகும்போது குடை சுருங்கி, அதற்குள் இருக்கிற தண்ணீரைக் கீழே தள்ளுகிறது, உடம்பு மேலே போகிறது. அப்புறம் தசை தளர்ந்துவிடும். தளர்ந்த பிறகு குடையை மறுபடி விரிக்க ஜெல்லி எந்தச் சிரமமும் படுவதில்லை, அதன் உடம்பில் இருக்கிற கொழகொழப்பான பகுதி ரப்பர்தன்மை உள்ளது என்பதால் தானாகவே பழைய நிலைக்கு வந்துவிடும். அப்படித் திரும்பி விரியும்போது அடியில் சுழல்கிற தண்ணீர் அதற்கு இன்னொரு தள்ளு தள்ளுகிறது என்று 2013-இல் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். அதாவது ஒருமுறை தசையை இறுக்கினால் இரண்டுமுறை முன்னே போகலாம். கடலில் இவ்வளவு குறைந்த சக்தியில் நீந்துகிற உயிர்கள் மிகவும் குறைவு. ஆனால் வலுவான நீரோட்டம் வந்தால் அதை எதிர்த்து நீந்த நிலா ஜெல்லியால் முடியாது, ஓட்டம் இழுத்த பக்கம் போகவேண்டியதுதான்.

சாப்பாடு? கடல் தண்ணீரில் கண்ணுக்கே தெரியாத குட்டிக் குட்டி உயிர்கள் கோடிக்கணக்கில் மிதக்கின்றன. நிலா ஜெல்லியின் குடைமேல் பிசுபிசுப்பான ஒரு பூச்சு இருக்கிறது, அதில் இவை ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டதை அப்படியே விளிம்புக்கு நகர்த்தி, அங்கிருந்து கைகள் வழியாக வாய்க்குள் அனுப்பிவிடும். அக்வேரியத்தில் இதற்கு ஆரஞ்சு நிறக் குட்டி இறால்களைப் போடுவார்கள். போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், கண்ணாடி உடம்புக்கு நடுவில் வயிறு மட்டும் பளிச்சென்று ஆரஞ்சாகத் தெரியும். என்ன சாப்பிட்டது, எவ்வளவு சாப்பிட்டது என்று ஜெல்லியிடம் கேட்கவே வேண்டாம். இன்னொன்று, கேட்டால் முகம் சுளிப்பீர்கள். அதற்கு ஒரே ஒரு வாசல்தான். சாப்பாடு உள்ளே போவதும் அந்த வழியாகத்தான், செரித்த பிறகு மிச்சம் வெளியே வருவதும் அந்த வழியாகத்தான்.

மூச்சு விடுவது இன்னும் சுலபம். நமக்கு உடம்பு தடிமனானது, அதனால் காற்றை உள்ளே இழுக்க நுரையீரல் வேண்டும், அதை மூலைமுடுக்கெல்லாம் கொண்டுபோக ரத்தமும், ரத்தத்தைத் தள்ள இதயமும் வேண்டும். ஜெல்லி மீனின் தோல் மிகவும் மெல்லியது. தண்ணீரில் கரைந்திருக்கிற ஆக்சிஜன் தோல் வழியாக நேராக உள்ளே போய்விடும். வேலையே இல்லாத இடத்தில் இதயம் எதற்கு?

மூளை விஷயம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஜெல்லி மீனுக்கு மூளை இல்லையே தவிர நரம்புகள் இருக்கின்றன, உடம்பு முழுக்க வலையாகப் பரவியிருக்கின்றன. நமக்குக் காலில் எறும்பு கடித்தால் செய்தி மூளைக்குப் போய்த்தான் வரவேண்டும். அங்கே அப்படி ஒரு தலைமை இடமே கிடையாது, எந்தப் பக்கம் எது பட்டாலும் அந்த வலை மொத்தமாகச் சேர்ந்து வேலை செய்துவிடும். நிலா ஜெல்லியின் விளிம்பில் எட்டு இடங்களில் சின்னச் சின்ன உணர்வு முடிச்சுகள் உண்டு. வெளிச்சமா இருட்டா என்று பார்க்க ஒரு புள்ளியும், மேல் எது கீழ் எது என்று அறிய மிக நுண்ணிய கல் துகள்களும் அந்த முடிச்சுக்குள் இருக்கும். குடை சாய்ந்தால் துகள்களும் சாயும், உடனே ஜெல்லி தன்னை நேராக்கிக்கொள்ளும்.

1991-இல் அமெரிக்காவின் கொலம்பியா விண்வெளி ஓடத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குட்டி நிலா ஜெல்லிகளை ஏற்றி அனுப்பினார்கள், அவை அங்கேயே பெருகவும் செய்தன. ஆனால் விண்வெளியில் வளர்ந்த ஜெல்லிகளைப் பூமிக்குக் கொண்டுவந்தபோது பல ஜெல்லிகளால் சரியாக நீந்தவே முடியவில்லை, தலைசுற்றல் வந்த மாதிரி தடுமாறின. எடையே தெரியாத இடத்தில் வளர்ந்ததால் மேல் கீழ் பார்க்க அவற்றுக்குச் சரியாகப் பழகவில்லை.

பெட்டி ஜெல்லி என்று இன்னொரு கூட்டம் இருக்கிறது, அவற்றின் குடை கொஞ்சம் சதுரமாக இருக்கும். அவற்றுக்கு 24 கண்கள்! கரீபியன் கடல் பக்கம் அலையாத்திக் காடுகளில் வாழ்கிற ஒரு பெட்டி ஜெல்லி நம் விரல் நகத்தளவுதான் இருக்கும். மரத்தின் வேர்களுக்கு இடையில் மோதாமல் நீந்துவது அதன் அன்றாட வேலை. அதை ஒரு வட்டத் தொட்டியில் விட்டு, சுவரில் வேர் மாதிரி சாம்பல் நிறக் கோடுகள் வரைந்து வைத்துப் பார்த்தார்கள். முதலில் போய்ப் போய் மோதியது. சில நிமிடங்களிலேயே மோதுவது குறைந்து, சுவருக்குக் கொஞ்சம் முன்பே திரும்பக் கற்றுக்கொண்டது. இந்த ஆய்வு வெளியானது 2023-இல். மூளை இல்லாத ஒன்று தவறிலிருந்து பாடம் கற்கிறது என்பதைப் படித்துவிட்டு நான் நாள் முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

தூக்கமும் அப்படித்தான். தலைகீழாகக் கடலடியில் படுத்துக்கொள்கிற ஒரு ஜெல்லி வகை உண்டு. இரவில் அதன் குடை சுருங்கி விரிகிற வேகம் குறைந்துவிடும். இரவு முழுக்கத் தண்ணீரைப் பீய்ச்சி அதைத் தொந்தரவு செய்தால் மறுநாள் பகலில் சோர்ந்துபோய்க் கிடக்கும். இதை 2017-இல் சோதித்துப் பார்த்துச் சொன்னார்கள்.

சரி, இப்போது எல்லோரும் காத்திருக்கிற விஷயத்துக்கு வருவோம். கடிக்குமா? ஜெல்லி மீனுக்குப் பல் இல்லை, கடிக்காது. ஆனால் கொட்டும். அதன் இழைகளில் ஆயிரக்கணக்கான கொட்டும் செல்கள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு சின்னப் பை, பைக்குள் சுருட்டி வைத்த ஒரு குழல், அதோடு விஷம். செல்லுக்கு வெளியே ஒரு மயிர்முனை நீட்டிக்கொண்டிருக்கும். மீனோ இறாலோ, அல்லது நம் காலோ, அதில் உரசினால் போதும், பையின் மூடி திறந்து குழல் வெளியே பாய்ந்து தோலில் குத்தி விஷத்தை இறக்கிவிடும். இது எவ்வளவு வேகம் தெரியுமா? ஜெல்லி மீனின் உறவான ஹைட்ராவிடம் இதே மாதிரி செல்கள் உண்டு, அதில் அளந்து பார்த்திருக்கிறார்கள். ஒரு நொடியை 10 லட்சம் துண்டுகளாக வெட்டினால், அதில் ஒரு துண்டைவிடக் குறைவான நேரத்தில் குழல் வெளியே வந்துவிடுகிறது. உயிரினங்களில் நடக்கிற மிக வேகமான அசைவுகளில் இதுவும் ஒன்று.

இதில் கவனிக்க வேண்டியது, ஜெல்லி மீன் உங்கள்மேல் கோபப்பட்டுக் கொட்டுவதில்லை. அதற்கு நீங்கள் யார் என்றே தெரியாது. பட்டால் செல் வெடிக்கும், அவ்வளவுதான். அதனால்தான் செத்துப்போய்க் கரையில் ஒதுங்கின ஜெல்லியும் கொட்டும், அறுந்து தனியாக மிதக்கிற இழையும் கொட்டும். ஜெல்லி செத்தாலும் வெடிக்காத செல்கள் கொஞ்ச நேரம் அப்படியே தயாராக இருக்கும். நம் ஊர் மீனவர்கள் இதைச் சொறி என்பார்கள், வலையில் சொறி ஏறிவிட்டால் கையெல்லாம் அரித்துக் கொட்டும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

எல்லா ஜெல்லியும் ஒரே மாதிரி கொட்டாது. நிலா ஜெல்லி பட்டால் பலருக்குத் தெரியவே தெரியாது, அல்லது லேசாக அரிக்கும். அதற்கு நேர் எதிர், ஆஸ்திரேலியாவின் வடக்குக் கடலில் இருக்கிற பெரிய பெட்டி ஜெல்லி. அதன் விஷம் ஒரு மனிதரைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும் அளவுக்குக் கடுமையானது, அதனால் அங்கே சில கடற்கரைகளில் வலை கட்டி அதற்குள் மட்டும் குளிக்க விடுகிறார்கள். கரையில் கிடப்பது எந்த வகை என்று பார்த்தவுடன் சொல்வது பெரியவர்களுக்கே கஷ்டம். ஆகவே உங்களுக்கு ஒரே விதிதான்: பார்க்கலாம், படம் வரையலாம், தொடக் கூடாது. குச்சியால் குத்திவிட்டு அந்தக் குச்சியைக் கையில் பிடிப்பதும் கூடாது.

ஒருவேளை கொட்டிவிட்டால் உடனே தண்ணீரைவிட்டு வெளியே வந்து பெரியவர்களிடம் சொல்லுங்கள். தேய்க்கக் கூடாது, மணல் போடக் கூடாது, குழாய்த் தண்ணீரில் கழுவக் கூடாது, இவை மூன்றுமே மிச்சமிருக்கிற செல்களையும் வெடிக்க வைத்துவிடலாம். கடல் தண்ணீரால் கழுவி, ஒட்டியிருக்கிற இழைகளைப் பெரியவர்கள் இடுக்கியால் எடுத்துவிட்டு, தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்தால் வலி குறையும். மூச்சு முட்டினாலோ, வாந்தி வந்தாலோ, வலி தாங்க முடியாமல் போனாலோ யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

அடுத்து, ஜெல்லி மீன் எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம். பட்டாம்பூச்சி முதலில் புழுவாக இருந்து அப்புறம் மாறுவது உங்களுக்குத் தெரியும். ஜெல்லி மீன் கதை அதைவிட விநோதம். முட்டையிலிருந்து வருவது ஒரு புள்ளியளவு உயிர். அது கொஞ்ச நாள் நீந்திவிட்டு, கடலடியில் ஒரு பாறையையோ சிப்பியையோ பார்த்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டின இடத்திலேயே சில மில்லிமீட்டர் உயரத்தில், தலையில் இழைகளோடு ஒரு குட்டித் தண்டாக வளரும். இதற்குப் பாலிப் என்று பெயர். பாலிப் நீந்தாது, ஊர்வலம் போகாது, வருடக்கணக்கில் அங்கேயே இருக்கும். பக்கத்திலேயே தன்னைப் போல இன்னும் சில பாலிப்களை முளைக்கவும் வைக்கும்.

அப்புறம் ஒருநாள், தண்ணீரின் சூடு மாறி, காலம் சரியாக அமைந்தால், அந்தத் தண்டில் குறுக்கே வரிவரியாகப் பள்ளம் விழ ஆரம்பிக்கும். பள்ளம் ஆழமாகிக்கொண்டே போய், கடைசியில் இட்லிக் கொப்பரைக்குள் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்குமே, அப்படி ஓர் அடுக்கு வந்துவிடும். மேலே இருக்கிற தட்டு முதலில் துடிக்கும். துடித்துத் துடித்துப் பிய்த்துக்கொண்டு நீந்திப் போய்விடும். அடுத்து அதற்குக் கீழே இருந்தது. இப்படி ஒவ்வொன்றாகக் கிளம்புகிற எட்டுக் கை நட்சத்திரக் குட்டிகள்தான் வளர்ந்து நாம் பார்க்கிற ஜெல்லி மீன்கள் ஆகின்றன. நிலா ஜெல்லி கடலில் பெரும்பாலும் ஒரு வருடம் போல வாழும். ஆனால் அடியில் இருக்கிற பாலிப் அடுத்த வருடமும் தட்டு தட்டாகக் குட்டிகளை அனுப்பும்.

இதில் ஒரு குட்டி ஜெல்லி மட்டும் எல்லோரையும் மிஞ்சிவிட்டது. நம் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாக இருக்கும், பெயர் டூரிடாப்சிஸ். அடிபட்டாலோ, பட்டினி கிடந்தாலோ, அது சுருங்கிக் கடலடிக்குப் போய் மறுபடியும் பாலிப்பாக மாறிவிடும். தாத்தா ஆனவர் திரும்பக் குழந்தையாகிற மாதிரி, இல்லையா? அதைச் சாகாத ஜெல்லி என்கிறார்கள். வேறு உயிர்கள் பிடித்துத் தின்றுவிட்டால் அதுவும் சாகத்தான் செய்யும், ஆனால் வயதாகிச் சாக வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை.

சின்னதைப் பார்த்தோம், பெரிதையும் பார்த்துவிடலாம். வடக்கே குளிர்ந்த கடல்களில் சிங்கப்பிடரி ஜெல்லி இருக்கிறது. குடை இரண்டு மீட்டர் அகலம்வரை வளரும், இழைகள் 30 மீட்டரையும் தாண்டும், நீலத் திமிங்கிலத்தின் நீளத்துக்கு அது சமம்.

ஜெல்லி மீனைத் தின்கிறவர்களும் இருக்கிறார்கள். முதுகில் நீளவாக்கில் ஏழு மேடுகள் உள்ள ஏழுவரி ஆமை நூற்றுக்கணக்கான கிலோ எடை உள்ளது, அதன் முக்கியச் சாப்பாடே ஜெல்லி மீன்தான். தண்ணீராலான சாப்பாடு என்பதால் நிறையத் தின்றால்தான் பசி அடங்கும். கடலில் மிதக்கிற பிளாஸ்டிக் பை ஆமையின் கண்ணுக்கு அச்சு அசலாக ஜெல்லி மீனாகத் தெரிகிறது. விழுங்கிவிட்டு, அது குடலில் அடைத்துச் செத்துப்போன ஆமைகள் எத்தனையோ. இதை எழுதும்போது மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் தெரிந்திருக்க வேண்டியது. கடற்கரைக்குக் கொண்டுபோகிற பையைத் திரும்ப வீட்டுக்கே கொண்டுவந்துவிடுங்கள்.

சில நேரம் ஜெல்லி மீன்கள் லட்சக்கணக்கில் பெருகிக் கூட்டமாக வந்துவிடும். நம் கல்பாக்கம் அணுமின் நிலையம் மாதிரி கடலோர மின் நிலையங்கள் கடல் தண்ணீரை இழுத்துத்தான் சூட்டைத் தணிக்கின்றன, அந்தத் தண்ணீரோடு ஜெல்லிகளும் வந்து வடிகட்டித் திரைகளில் அடைத்துக்கொள்ளும். 2011-இல் ஸ்காட்லாந்தில் டோர்னெஸ் என்ற இடத்தில் இப்படி அடைத்துக்கொண்டு, அணுமின் நிலையத்தையே சில நாள் நிறுத்த வேண்டியதாகிவிட்டது.

தொல்லை மட்டும் என்று நினைக்காதீர்கள், ஜெல்லி மீன் நமக்குச் செய்த பெரிய உதவி ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் படிக ஜெல்லி என்று ஒரு வகை, தொந்தரவு செய்தால் விளிம்பில் பச்சை ஒளி விடும். ஒசாமு ஷிமோமுரா என்ற ஜப்பானிய விஞ்ஞானி 1961-இல் அங்கே போய், அந்த ஒளி எதனால் வருகிறது என்று தேடினார். எதைச் செய்தாலும் பிடிபடவில்லை. படகை எடுத்துக்கொண்டு தண்ணீரில் மிதந்தபடி யோசிப்பாராம். ஒருநாள் ஜெல்லியிலிருந்து எடுத்த சாற்றைச் சோதித்துவிட்டு, மிச்சத்தைத் தொட்டியில் கொட்டினார். தொட்டி பளீரென்று நீலமாக ஒளிர்ந்தது! அந்தத் தொட்டிக்குள் கடல் தண்ணீரும் வந்து விழுந்துகொண்டிருந்தது, அதிலிருந்த கால்சியம்தான் ஒளியைக் கிளப்பிவிட்டது. அந்த வழியில் போனபோதுதான், நீல ஒளியைப் பச்சையாக மாற்றுகிற ஒரு புரதமும் அந்த ஜெல்லியில் இருப்பது தெரிந்தது. பின்னால் வந்த விஞ்ஞானிகள் அந்தப் பச்சைப் புரதத்தை மற்ற உயிர்களின் செல்களில் உருவாக வைத்து, புற்றுநோய் எப்படிப் பரவுகிறது, நரம்புகள் எப்படி வளர்கின்றன என்று உயிரோடு இருக்கும்போதே பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். 2008-இல் ஷிமோமுராவுக்கும் இன்னும் இருவருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

கடைசியாக ஓர் ஏரி. பசிபிக் கடலில் பலாவ் என்ற தீவு நாடு இருக்கிறது. அங்கே ஒரு குட்டித் தீவுக்கு நடுவில் உப்புத் தண்ணீர் ஏரி ஒன்று, அதில் லட்சக்கணக்கில் தங்க நிற ஜெல்லிகள். அவற்றின் உடம்புக்குள் பாசி வாழ்கிறது. பாசி வெயிலை வைத்துச் சாப்பாடு தயாரித்து ஜெல்லிக்கும் கொடுக்கும். அதனால் ஜெல்லிகள் காலையில் எல்லாமாகச் சேர்ந்து கிழக்கே சூரியனைப் பார்த்து நீந்தும், மத்தியானத்துக்கு மேல் மேற்கே திரும்பும். கரையோர மரநிழலுக்குள் மட்டும் போகாது, அங்கே இவற்றைப் பிடித்துத் தின்கிற, பார்க்கப் பூ மாதிரி இருக்கிற கடல் சாமந்தி என்கிற உயிர்கள் உட்கார்ந்திருக்கின்றன. இந்த ஜெல்லிகள் கொட்டுவது நமக்குத் தெரியவே தெரியாத அளவுக்கு லேசானது என்பதால் மனிதர்கள் நடுவிலேயே நீந்தலாம்.

1998-இல் ஏரித் தண்ணீர் சூடாகி, இங்கிருந்த தங்க ஜெல்லிகள் ஒன்றுவிடாமல் மறைந்துபோயின. 2016-இல் கடும் வறட்சியில் மறுபடியும் ஏறக்குறைய காலியாகிவிட்டது. இரண்டு தடவையும் திரும்ப வந்துவிட்டன. வளர்ந்த ஜெல்லிகள் போனாலும் அடியில் ஒட்டியிருந்த பாலிப்கள் பிழைத்துக்கொண்டன, தண்ணீர் சரியானதும் மறுபடி தட்டுகளை அனுப்ப ஆரம்பித்துவிட்டன. இப்போது ஏரியில் இறங்க அனுமதி உண்டு, ஆனால் மூச்சுவிடக் காற்றுச் சிலிண்டரை மாட்டிக்கொண்டு ஆழத்துக்குப் போகக் கூடாது, ஏனென்றால் ஏரியின் அடிப்பகுதித் தண்ணீரில் விஷ வாயு கரைந்திருக்கிறது. வெயிலுக்காகத் தோலில் பூசுகிற கிரீம்களில் கடல் உயிர்களைக் கெடுக்கிற வகைகளை 2020-இலிருந்து அந்த நாடு முழுக்கவே தடை செய்துவிட்டார்கள்.